கருத்தடை மாத்திரைக்குப் பணம் போட்ட அம்மா: சந்தேகங்களுக்கு விளக்கம்

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "கருத்தடை மாத்திரைய ஒரு பணக்கார அம்மாதான் செலவு பண்ணிக் கண்டுபிடிக்க வெச்சாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? அதே மாத்திரையத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கறாங்களா?"

மொதக் கேள்விக்கு, நெசந்தானுங்க. கேத்தரின் மெக்கார்மிக்னு பேரு, 1875ல அமெரிக்காவுல பொறந்தவங்க. வெறும் பணக்காரம்மான்னு நெனச்சராதீங்க, 1904லயே எம்ஐடிங்கற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரியில உயிரியல் பட்டம் வாங்குனவங்க. அதே வருசம் ஸ்டான்லி மெக்கார்மிக்கைக் கட்டிக்கிட்டாங்க. கதிரறுக்கற மெஷின் பண்ணிச் சம்பாதிச்ச குடும்பம், நம்ம பக்கம் மில்லுக்காரங்க வீடுன்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி. ரெண்டே வருசத்துல ஊட்டுக்காரருக்கு மனநோய் முத்திருச்சு. அது சுரப்பிக் கோளாறா இருக்கும்னு நம்பி, 1927ல ஹார்வர்டுல சுரப்பி ஆராய்ச்சிக்குப் பணம் போட்டாங்க. அவருக்கு அது ஒண்ணும் பலிக்கலைங்க. ஆனா சுரப்பியில ஊர்ற ஹார்மோன்ங்கறது அந்தம்மாவுக்கு அப்ப இருந்தே பழகுன விசயம்.

1947ல அவர் தவறிட்டாரு. சொத்து வரியெல்லாம் தீர்த்துக் கையில காசு வர்றதுக்கு இன்னும் சில வருசமாச்சு. 1953 ஜூன் 8, கருத்தடை உரிமைக்குப் போராடுன மார்கரெட் சாங்கரோட போயி கிரிகோரி பின்கஸ்ங்கற விஞ்ஞானியப் பாத்தாங்க. புரோஜெஸ்டிரோன்ங்கற பெண் ஹார்மோனக் குடுத்தா முயலுக்குக் கருமுட்டை வெளியாகறதில்லைன்னு அவருக்குத் தெரியும், செலவு பண்ணத்தான் ஆளில்ல. அவர் இருந்த மாசாசூசெட்ஸ் மாநிலத்துல கருத்தடையே சட்டப்படி குத்தம், அரசாங்கம் எங்க குடுக்கும்? மெக்கார்மிக் அம்மாதான் வருசத்துக்கு ஒண்ணரை லட்சம் டாலருக்கும் மேல, மொத்தமா 20 லட்சம் டாலர் கிட்ட போட்டாங்க. செக்கக் குடுத்துட்டு ஒதுங்கிக்கவும் இல்லைங்க, வேலை எதுவரைக்கும் வந்துச்சுன்னு விடாம கேட்டுட்டே இருந்தாங்க.

அத்தனை காசு எதுக்குன்னா, புரோஜெஸ்டிரோனை வாயில போட்டா கொஞ்சந்தான் வேலை செய்யும், டோஸ் எச்சா வேணும். அதனால நோரெதினோட்ரெல்னு செயற்கை மருந்துக்குப் போனாங்க. அடுத்து, முட்டை வெளியாச்சா இல்லையான்னு பாக்கோணும். தெனமும் ஒடம்புச் சூடு பாத்து, அதோட சிறுநீர், கர்ப்பப்பை உள்தோல்னு சாம்பிளும் எடுத்தா எத்தனை பொம்பளைங்க கடைசி வரைக்கும் நிப்பாங்க? பாதியில விட்டுப் போனவங்க நெறைய.

தப்பும் நடந்துச்சுங்க. 1956ல அமெரிக்க ஆட்சியில இருக்கற போர்ட்டோ ரிக்கோ தீவுல 10 மில்லிகிராம் மாத்திரை குடுத்தாங்க. நூத்துக்குப் பதினேழு பேருக்குத் தலைசுத்தல், குமட்டல், தலைவலி. அங்கிருந்த டாக்டரம்மா எழுதியே குடுத்தாங்க, பின்கஸ் பெருசா எடுத்துக்கல. இது சோதனைன்னே அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லல. மெக்கார்மிக் அம்மா காசுல நடந்ததுதான் இதும், மறைக்கக் கூடாது. இன்னொரு கூத்து: மருந்துல ஈஸ்ட்ரோஜன்ங்கற இன்னொரு பெண் ஹார்மோன் தெரியாம கலந்திருந்துச்சு. அதச் சுத்தம் பண்ணி எடுத்தா நடுவுல ரத்தப்போக்கு வருது. சரின்னு அளவா 0.15 மில்லிகிராம் திருப்பிச் சேத்தாங்க. 1960ல அமெரிக்காவுல கருத்தடைக்குன்னே அனுமதி கெடச்சுது.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அதே மாத்திரை இல்லைங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இப்பக் குடுக்கற மாலா-என் மாத்திரையில லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15, எத்தினைல் ஈஸ்ட்ராடயால் 0.03 மில்லிகிராம்னு ரெண்டு செயற்கை ஹார்மோன். அந்தக் காலத்து 10 மில்லிகிராமோட வெச்சுப் பாருங்க! அட்டையில 28 இருக்கும்: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒண்ணு மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு, அடுத்தத வழக்கமான நேரத்துல போடுங்க, ஒரே நாள்ல ரெண்டு வந்தாலும் பரவால்ல. ரெண்டு மூணு விட்டுட்டா, கடைசியா விட்டத மட்டும் போட்டுத் தொடருங்க, 7 நாளைக்கு ஆணுறையும் வேணும். பிபி இருக்கறவங்க, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் ஒறஞ்சு கட்டுனவங்க, ஆறு மாசம் ஆகாத கைக்கொழந்தைக்குப் பால் குடுக்கறவங்க இத எடுக்கப்படாது. நர்சம்மாகிட்டச் சொன்னா வேற வழி சொல்லுவாங்க.