எரியத்தானே போகிறது, எந்த மரமானால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி பக்கம் தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு விலைவாசிக்குத்தான் போகும். 14 வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதும், உள்ளே குச்சி 36-லிருந்து 50 ஆனதும் உங்களுக்கே தெரியும். பாஸ்பரஸ், மெழுகு, அட்டை விலையெல்லாம் பேப்பரில் வந்தது. குச்சி எந்த மரம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பகுதிக் குச்சி கேரளாவிலிருந்து வருகிறது. அங்கே மட்டி என்று ஒரு மரம் உண்டு. வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர்வதற்காக நடுவார்கள். நெடுநெடுவென்று வளரும், வெள்ளையாக, லேசாக இருக்கும். அதோடு இலவு, ஏழிலைப்பாலை, அல்பீசியாவும் வரும். ஆனால் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. பிளைவுட் மில்காரர்களும் இதே மரங்களைக் கேட்கிறார்கள். குச்சி லாரி தாமதமானால் இங்கே கட்டை அடுக்கும், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

சரி, வேறு மரத்துக்குப் போகலாமே, எரியத்தானே போகிறது என்பார்கள். அங்கேதான் சிக்கல். குச்சியை யாரும் மரத்திலிருந்து செதுக்குவதில்லை. பச்சை மரத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து, பட்டையை உரித்து, மெஷினில் சுழல விட்டு, பாய் விரிகிற மாதிரி மெல்லிய தகடாக உரிக்கிறோம். அந்தத் தகட்டை அடுக்கி வெட்டினால்தான் குச்சி. நார் நேராக ஓடாத மரம் தகட்டிலேயே கிழிந்துவிடும். பிசின் கசிகிற மரம் கத்தியில் ஒட்டும். கனமான மரம் மெழுகைக் குடிக்காது. மெழுகு இறங்காத குச்சியில் மருந்து பற்றும், ஆனால் தீ குச்சிக்கு இறங்காமல் அணைந்துபோகும். வேம்பும் கருவேலும் அடுப்புக்கு அருமையான விறகு, குச்சிக்கு ஆகாது. ரொம்ப லேசான மரமும் உதவாது, உரசும்போதே ஒடிந்துவிடும். ஒரு குச்சியை விரலில் வளைத்துப் பாருங்கள். நல்ல குச்சி கொஞ்சம் வளைந்து கொடுத்து, ஒடியும்போது நீள நீளமாகச் சிம்பு விடும். மட்டமான குச்சி பட்டென்று குட்டையாக முறியும்.

இந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே மாற்று மரத்தில் ஓடுகிற தொழில்தான். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். அந்தக் காலத்துச் சந்தையில் இருந்த ஸ்வீடன் தீப்பெட்டிக்கு ஆஸ்பென் என்ற குளிர்தேச மரம். அது இங்கே ஏது? நம் நாட்டு இலவுதான் கைகொடுத்தது. வடக்கே ஆஸ்பெனின் உறவான பாப்லரை உத்தரப்பிரதேச விவசாயிகள் கோதுமை வயலிலேயே வளர்க்கிறார்கள். நம் வெயிலுக்கு அது வராது.

நமக்கு இருப்பது பெருமரம். விவசாயிகள் பலர் அதைத் தீக்குச்சி மரம் என்றே சொல்வார்கள். மட்டிக்குப் பங்காளி, மானாவாரியில் வரும், தழையை ஆடு தின்னும். ஏழெட்டு வருஷத்தில் வெட்டலாம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த கரிசல் காடு இதற்கு ஏற்ற இடம் இல்லை. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். செம்மண்ணும் வடிகால் உள்ள மணற்பாங்கான நிலமும்தான் இதற்கு ஒத்துவரும்.

அப்புறம் ஏன் யாரும் அதிகமாக நடவில்லை? சவுக்குப் போட்டால் மூன்று நான்கு வருஷத்தில் காகித ஆலை எடுத்துக்கொள்கிறது. பெருமரத்துக்கு ஏழு வருஷம் காத்திருந்து, கடைசியில் வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இதில் விவசாயி மேல் எனக்குக் குறையே இல்லை. மரம் வேண்டும் என்கிற ஆலைகள்தான் நடும் நாளிலேயே குறைந்தபட்ச விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தட்டுப்பாடு, தட்டுப்பாடு என்று புலம்புவதை நான் ஏற்கமாட்டேன்.

நட நினைப்பவர்களுக்கு என் யோசனை: முழு நிலத்தையும் இதற்கு விடாதீர்கள், வரப்போரம் போதும். பக்கக் கிளைகளைச் சின்னதிலேயே கழித்துவிடுங்கள். கணு விழுந்த இடத்தில் தகடு ஓட்டையாகிவிடும். வெட்டுவதற்கு முன்பே குச்சி மில்லில் பேசி லாரிக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய மரம் வெயிலில் கிடந்தால் காய்ந்து வெடிக்கும், ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும். இரண்டையும் மில்காரர் கழித்துக்கட்டிவிட்டுத்தான் எடை போடுவார்.

நன்றி, வணக்கம்.