பெர்மாங்கனேட்: மீனுக்கு மருந்து, அலமாரியில் ஆபத்து

அடுத்த கேள்வி, மீன் தொட்டி வைத்திருக்கும் ஒரு நேயர் அனுப்பியது. "மீன் உடம்பில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னார்கள், வாங்கி வந்துவிட்டேன். எங்கள் அப்பத்தா கிணற்றில் போட்ட அதே மருந்துதான். ஆனால் மாமா, அது தீப்பிடிக்கும், வீட்டுக்குள் வைக்காதே என்கிறார். யார் சொல்வது சரி? எவ்வளவு போட வேண்டும்? கையில் பட்ட பழுப்புக் கறை எப்படிப் போகும்?"

அப்பத்தா செய்ததும் சரி, மாமா சொல்வதும் சரி. இது வலிமையான ஆக்ஸிஜனேற்றி. எதிரே எது அகப்பட்டாலும் அதன் எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரில் மிக லேசாகக் கரைந்திருக்கும்போது பூஞ்சையையும் கிருமியையும் அப்படித் தாக்கினால் நமக்கு அது மருந்து. குருணையாக இருக்கும்போது அருகில் இருக்கும் எரியக்கூடிய பொருளிடம் அதே வேலையைக் காட்டினால் அது தீ.

இதோ இந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களைப் பாருங்கள். ஒன்றில் சுத்தமான குடிநீர், இன்னொன்றில் தொட்டியின் அடியிலிருந்து எடுத்த தண்ணீர். இரண்டிலும் ஒரே ஒரு குருணை போடுகிறேன். போடும்போது கறுப்பாக, லேசான உலோக மினுமினுப்போடு இருக்கிறது. உள்ளே இறங்க இறங்க ஊதா நிற இழை பிரிகிறது பாருங்கள். கலக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்போம். குடிநீர் டம்ளர் இன்னும் ஊதாவாகவே இருக்கிறது. தொட்டித் தண்ணீர் பழுப்பாகத் திரும்புகிறது. அதில் இருக்கும் மீன் கழிவு, மிச்சத் தீவனம், பாசி எல்லாம் சேர்ந்து பெர்மாங்கனேட்டைத் தின்றுவிட்டன. மிஞ்சிய அந்தப் பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடு. அதற்கு மேல் அந்தத் தண்ணீரில் மருந்து வேலை செய்யாது. அழுக்குத் தொட்டியில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதை விட, முதலில் அடியில் படிந்த கழிவை உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்து போடுவதே முறை.

இப்போது அளவு. மீன் வளர்ப்பில் வழக்கமான அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். 500 லிட்டருக்கு வெறும் 1 கிராம். வீட்டில் இருப்பது 100 லிட்டர் தொட்டி என்றால் 0.2 கிராம். இதைக் கரண்டியில் அளக்கவே முடியாது, கண்மதிப்பில் ஒரு சிட்டிகை போடுகிறவர்கள்தான் மீனைக் கொன்றுவிடுகிறார்கள். அதனால் நகைக்கடைத் தராசு மாதிரி சிறிய எடை காட்டும் மின்தராசில் 1 கிராம் நிறுத்து, 1 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1 மில்லிகிராம் இருக்கும். 100 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி ஊற்றினால் கணக்கு சரி. குருணையை நேராகத் தொட்டியில் போடவே கூடாது. கரையாத குருணை மீனின் செவுளில் ஒட்டினால் அந்த இடம் வெந்துவிடும்.

என்னைக் கேட்டால், நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுப்பதுதான் நல்லது. பெரிய தொட்டியின் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் இது விட்டுவைக்காது. காற்று பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறினால் உடனே தண்ணீரை மாற்றுங்கள். குளோரினை முறிக்கக் கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேட் இதையும் முறிக்கும். இன்னொன்று, மீனுக்குப் போடும் வேறொரு மருந்தான ஃபார்மலினையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

அப்புறம் மாமா சொன்ன தீ. பெர்மாங்கனேட் தானாக எரியாது. ஆனால் சுமார் 240 டிகிரி செல்சியஸில் சிதைந்து ஆக்ஸிஜனை வெளிவிடும், பக்கத்தில் எரியும் தீயை அது மூர்க்கமாக்கும். அதைவிட மோசம், சில பொருள்களோடு சேர்ந்தால் தீக்குச்சியே தேவையில்லை. கிளிசரின் அதில் முதலாவது. இரண்டையும் மருந்துக்கடையில் வாங்கி வந்து ஒரே அலமாரியில் வைக்கிற வீடுகள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை, கந்தகம், மரத்தூள், எண்ணெய்த் துணி, ஸ்பிரிட், வண்டி பிரேக் ஆயில், எதுவும் அருகில் வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அடர் கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். பிளஸ் டூ மாணவர்கள் கவனியுங்கள்: ஆய்வகத்தில் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) நீங்கள் சேர்ப்பது நீர்த்த கந்தக அமிலம், அது வேறு.

வைக்கும் முறை எளிது. மூடி இறுக்கமான கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பா, ஈரமில்லாத, வெயில் படாத, பூட்டு உள்ள இடம், வெளியே பெயர் எழுதிய சீட்டு. எடுக்கும்போது கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காய்ந்த கரண்டி. தூள் மூக்கில் ஏறக் கூடாது. கீழே சிந்தினால் காகிதத்தாலோ பழந்துணியாலோ துடைத்துக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், அங்கே புகையத் தொடங்கலாம். தகரத்தால் அள்ளிவிட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கிணறு பற்றி. 1890-களில் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர் காலராவைத் தடுக்கக் கிணறுகளில் பெர்மாங்கனேட் போடும் முறையை வலியுறுத்தினார். அப்பத்தா செய்ததற்கு அப்படி ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் கிணற்றுக் கிருமிக்கு இன்று பிளீச்சிங் பவுடரே மேல். அதேபோல, பாம்பு கடித்த இடத்தைக் கீறி இந்தக் குருணையைத் தேய்க்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது விஷத்தை முறிக்காது, சதையைப் புண்ணாக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கைக் கறை சோப்புக்குப் போகாது. எலுமிச்சைச் சாறோ வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்த தண்ணீரோ தடவிக் கழுவுங்கள், வெளுத்துவிடும். உள்ளே நடப்பது இதுதான்: பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடு, நிறம் தெரியாத மாங்கனீஸ் உப்பாக மாறிக் கரைந்து போகிறது. புண் இருந்தால் எலுமிச்சை வேண்டாம், எரியும். தோலில் கறை மட்டும்தான் என்றால் சில நாளில் தானாக உதிர்ந்துவிடும்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சருமத்துக்கென்று தரப்படும் பெர்மாங்கனேட் மாத்திரையை விழுங்கும் மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டவர்கள் உண்டு. இதைத் தடுக்கச் சொல்லி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை (NHS) 2022-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. குருணையோ மாத்திரையோ உள்ளே போனால் வாயும் தொண்டையும் வெந்து, வீங்கி, மூச்சு அடைக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், என்ன, எவ்வளவு என்று மருத்துவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.