பட்டன் இருக்கிறது, டயர் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். படகு டிரெய்லருக்குப் புது டயர் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ரொம்ப வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம்தான் இது. படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார்கள், ஆனால் அந்தப் படகைத் தண்ணீர் வரைக்கும் சுமந்துபோகும் டயரைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

டயரில் தரையைத் தொடுகிற மேடு பள்ளத்தைத்தான் பட்டன் என்கிறோம். கார் டயரில் அது ஓடி ஓடித் தேயும். தேய்ந்ததும் மாற்றுவோம். அந்தப் பழக்கத்திலேயே டிரெய்லரையும் பார்க்கிறோம், "பட்டன் நன்றாக இருக்கிறதே, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்கிறோம். இங்கேதான் ஏமாறுகிறோம். படகு டிரெய்லர் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஒரே இடத்தில், முழுப் பாரத்தோடு, வெயிலில் நிற்கிறது. ரப்பர் விரிசல் விடாமல் இருக்க அதில் ஒரு மெழுகு கலந்திருக்கும், டயர் சுழன்று நெளியும்போதுதான் அது மேலே வந்து ரப்பரைக் காக்கும். நின்றே கிடக்கிற டயருக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை. பட்டன் புதுசாகவே இருக்கும், உள்ளே ரப்பர் காய்ந்துபோயிருக்கும்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்பு பழைய படகு ஒன்று வாங்கினேன், டிரெய்லரோடு சேர்த்து. டயரைப் பார்த்தால் புத்தம் புதுசு, புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே சின்ன ரப்பர் மயிர், அதுகூட அங்கங்கே இருந்தது. விற்றவரும் "டயர் அதிகம் ஓடவே இல்லை" என்றார், அவர் சொன்னது பொய்யும் இல்லை. காற்றைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பினேன். ரெண்டு மணி நேரம் ஓடியிருப்பேன், பின்னால் யாரோ தகரத்தை உலுக்குகிற மாதிரி சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது டயரின் பட்டன் பகுதி முழுசாக உரிந்து, சுற்றிச் சுற்றி அடித்து மட்கார்டைக் கிழித்து, பின்விளக்கு ஒயரையும் அறுத்துவிட்டிருந்தது. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று ஜாக்கி போட்டு மாற்றினேன். ஒரு மணி நேரம்கூடப் போகவில்லை, அந்த ஸ்டெப்னியும் வெடித்தது. இருட்டிவிட்டது, விளக்கும் எரியவில்லை, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, வண்டிக்குள் பிள்ளைகள். அந்த ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் டயர் கடைக்காரர் டயரைத் திருப்பி, பக்கவாட்டில் நாலு எண்ணைக் காட்டினார். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண். முதல் ரெண்டு, வருஷத்தின் எத்தனையாவது வாரம். அடுத்த ரெண்டு, எந்த வருஷம். உதாரணத்துக்கு, 3416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 34-வது வாரம். என் டயர்களுக்கு ஒன்பது வயது. ஸ்டெப்னிக்கும் அதே வயது, ஒரே நாளில் வாங்கியது, ஒரே வெயிலில் காய்ந்தது.

அதனால் திரும்பவும் சொல்கிறேன்: பட்டனைப் பார்க்காதீர்கள், அந்த நாலு எண்ணைப் பாருங்கள். சில டயரில் அது உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், டிரெய்லருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், பரவாயில்லை, படுங்கள். ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் நான் மாற்றிவிடுகிறேன், ஸ்டெப்னியையும் சேர்த்து. கடையில் வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள். ரெண்டு வருஷமாகக் கடையில் கிடந்த டயரை வாங்கினால் அந்த ரெண்டு வருஷம் உங்கள் கணக்கில்தான் போகும்.

அடுத்தது பாரம். டிரெய்லருக்கென்றே செய்த டயரில் அளவுக்கு முன்னால் எஸ்.டி. என்று போட்டிருக்கும். பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும், படகு பின்னால் ஆடாது. கார் டயர் அதே அளவில் கிடைக்கிறதே என்று மாட்டாதீர்கள். அப்புறம் சி, டி, இ என்று ஓர் எழுத்து இருக்கும், அதுதான் எவ்வளவு தாங்கும் என்பது. 205/75 ஆர் 14 என்கிற அளவில் சி டயர் ஒன்று கிட்டத்தட்ட 800 கிலோ தாங்கும், டி டயர் 925 கிலோ. இப்போது மனக்கணக்காகப் போடுவோம். படகு 950 கிலோ, எஞ்சின் 250, டிரெய்லர் 350. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், 1550 தானே, ரெண்டு சி டயர் போதும் என்று. பெட்ரோல்? 150 லிட்டர் என்றால் 110 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, மீன்பிடி சாமான் எல்லாம் ஒரு 100 கிலோ. 1760 வந்துவிட்டது. அதில் கொஞ்சத்தை இழுக்கிற வண்டியின் கொக்கி தாங்கும், இருந்தாலும் மிச்சம் டயரின் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். அங்கே வருகிற எண்ணுக்கு மேலே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும் டயராக எடுங்கள். டி, இ எடுத்தால் ரிம்மும் அந்தக் காற்றழுத்தத்துக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று என்றதும் ஒன்று. காரில் நாம் டயரில் எழுதியிருப்பதைவிடக் குறைவாக அடிப்போம். டிரெய்லரில் அப்படிச் செய்ய வேண்டாம், பக்கத்தில் எழுதியிருக்கும் முழு அளவை அடியுங்கள். சி டயருக்குப் பெரும்பாலும் 50 பி.எஸ்.ஐ., டி டயருக்கு 65. டயர் குளிர்ந்திருக்கும்போது, கிளம்புவதற்கு முன்னாலேயே அடிக்க வேண்டும். வழியில் சூடாகி அழுத்தம் ஏறியிருந்தால் காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து சூடாகும், அந்தச் சூடுதான் டயரை உரிக்கிறது. சின்னச் சக்கரம் வேறு, கார் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது அதைவிட அதிகமாகச் சுற்றியிருக்கும். வேகத்துக்கும் எல்லை உண்டு: வேக எழுத்து இல்லாத எஸ்.டி. டயருக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான், எல் என்று இருந்தால் 120.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பேரிங் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால் பேரிங் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள், டயர் மாற்றும் அன்றே கிரீஸையும் பார்த்துவிடுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல் டயர், மறுபக்கம் பழைய நைலான் டயர் என்று ரெண்டு வகையைக் கலக்காதீர்கள். வால்வும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், 65-க்கு மேல் காற்று என்றால் சாதாரண ரப்பர் வால்வு போதாது. புது டயர் போட்டு எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். வணக்கம்.