ரெண்டு இன்ஹேலர் சேர்த்து எடுத்தா படபடப்பு வருமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி அடுத்த கேள்வி, இது கொஞ்சம் நீளம், நான் சுருக்கி படிச்சிடறேன். "டாக்டர், எங்க அம்மாவுக்கு 61 வயசு, ரொம்ப வருஷமா ஆஸ்துமா. சால்மெட்ரால் ஃப்ளூடிகசோன் சேர்ந்த இன்ஹேலர் காலைல ராத்திரி எடுத்துட்டிருந்தாங்க. போன மாசம் வீசிங் ஜாஸ்தியாகி வேற டாக்டர பாத்தோம், அவர் ஃபார்மோட்டெரால் பியூடசோனைட் எழுதிக் கொடுத்தார். இப்ப அம்மா ரெண்டையும் எடுக்கறாங்க, நடுவுல மூச்சு முட்டுனா நீல கலர் சால்ப்யூட்டமாலும் அடிச்சுக்கறாங்க. கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. இன்ஹேலர் ஒண்ணுக்கொண்ணு சேராதா? பிபிக்கு தண்ணி மாத்திரை, கண் பிரஷருக்கு டிமலால் சொட்டு மருந்தும் போடறாங்க."

தம்பி, நீங்க பேரோட எழுதினதால எனக்கு பாதி வேலை மிச்சம். நிறைய பேர் "ஒரு ஆரஞ்ச், ஒரு பச்சை" அப்படின்னுதான் சொல்லுவாங்க, கலர வெச்சு நான் என்ன கண்டுபிடிக்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறுது.

மொதல்ல, இன்ஹேலர் மருந்துங்க ஒண்ணுக்கொண்ணு சேராதுங்கறது தப்பு. வேற வேற வகையா இருந்தா நல்லாவே சேரும், அதனாலதான் ஒரே டப்பாக்குள்ள ரெண்டு மருந்து போட்டு வருது. உள்ள ஸ்டீராய்டு ஒண்ணு இருக்கும், அது மூச்சுக்குழாய் வீக்கத்த குறைக்கும், கூட மூச்சுக்குழாய விரிக்கிற மருந்து ஒண்ணு. விரிக்கிற மருந்து போய் ஒட்டறதுக்கு பீட்டா 2 ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு, அத விடாம தூண்டிட்டே இருந்தா எண்ணிக்கை குறைஞ்சு போகும், ஸ்டீராய்டு இருந்தா அது திரும்ப உண்டாக உதவி பண்ணும். ஸ்டீராய்டு இல்லாம நீண்ட நேரம் விரிக்கிற மருந்த மட்டும் ஆஸ்துமாக்காரங்க எடுக்கவே கூடாது, ஸ்டீராய்டு எடுக்காதவங்க உட்பட நிறைய பேருக்கு வழக்கமான சிகிச்சையோட சால்மெட்ரால சேர்த்து கொடுத்து பாத்த பெரிய ஆய்வு ஒண்ண 2003லயே பாதில நிறுத்தினாங்க, ஆஸ்துமா சாவு அதுல ஜாஸ்தியா தெரிஞ்சதால.

உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னா, வேற வேற மருந்து மோதல, ஒரே வகை மருந்து ரெண்டு பேர்ல உள்ள போகுது. சால்மெட்ரால், ஃபார்மோட்டெரால், ரெண்டும் 12 மணி நேரம் விரிச்சு வைக்கற அதே வகைதான். முக்கிய வித்தியாசம், ஃபார்மோட்டெரால் சில நிமிஷத்துல வேலை ஆரம்பிச்சிடும், சால்மெட்ரால் நிதானமா ஆரம்பிக்கும். ஃப்ளூடிகசோனும் பியூடசோனைடும் ஸ்டீராய்டு, அதுவும் டபுள், தொண்டை கரகரப்பு, வாய்க்குள்ள வெள்ளையா படியறதெல்லாம் பாத்தீங்கன்னா அதனாலதான். இதுக்கு மேல சால்ப்யூட்டமால், அதுவும் அதே பீட்டா 2 பக்கம்தான் போகுது, கொஞ்ச நேரம் வேலை செய்யற தம்பி அது. ஆக மூணு ஆள் ஒரே வேலைய செய்யறாங்க, நடுங்காம என்ன பண்ணும் கை.

இது அடிக்கடி நடக்கறதுதான். என்கிட்ட வந்த ஒருத்தர் மஞ்சப்பைய தலைகீழா மேசைல கொட்டினார், அஞ்சு இன்ஹேலர் உருண்டுச்சு, அதுல மூணு டப்பால ஃபார்மோட்டெரால், மூணும் வேற வேற பேர். அவர் ஏமாறல, நாங்கதான் "இத எடுங்க"ன்னு சொல்லிட்டு "அத நிறுத்துங்க"ன்னு சொல்ல மறந்துட்டோம். உங்க ரெண்டாவது டாக்டர் பழசுக்கு பதிலாத்தான் எழுதியிருப்பார்னு எனக்கு தோணுது, ஆனா பழசு ஓடுதுன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கணுமே.

அதனால ரெண்டையும் சேர்த்து இன்னிக்கு ராத்திரி போடாதீங்க, ஆனா படபடப்பா இருக்குன்னு ரெண்டையும் நிறுத்திடவும் கூடாது, ஸ்டீராய்டு நின்னா வீசிங் திரும்பி வரும். ரெண்டு டப்பாவையும் எடுத்துட்டு இன்னிக்கே அந்த டாக்டருக்கு ஃபோன் பண்ணி, எது இருக்கட்டும்னு கேளுங்க. ஃபார்மோட்டெரால் பியூடசோனைட்ட வெச்சுக்க சொன்னா இன்னொண்ணும் கேளுங்க, அதையே ரிலீவரா, அதாவது முட்டும்போது உடனே சுகமாக எடுக்கற மருந்தாவும் எடுக்கலாமான்னு. அப்படி எடுக்கற முறை இருக்கு, 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டெரால் உள்ளதுன்னா பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு 6 பஃப்புக்கு மேல கிடையாது, நாளுக்கு மொத்தம் 12தான் உச்சம். அப்ப நீல இன்ஹேலர் தேவையே இல்லாம போயிடும்.

நீல இன்ஹேலர்னதும் ஞாபகம் வருது, அம்மா ஒரு வருஷத்துல எத்தன டப்பா காலி பண்றாங்கன்னு எண்ணி பாருங்க. 3 டப்பாவுக்கு மேல போனாலே திடீர்னு மோசமாகற வாய்ப்பு கூடுது, 12ன்னா உயிருக்கே ஆபத்து கூடுது. முட்டும்போது உடனே சுகமாகறதால எல்லாருக்கும் அதுமேல பாசம், வீக்கத்த அது தொடவே தொடாது.

கால் பிடிச்சு இழுக்கறதுக்கு வருவோம், இத நான் லேசா விடமாட்டேன். பீட்டா 2 மருந்துங்க ரத்தத்துல இருக்கற பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளிடும், தண்ணி மாத்திரைல பெரும்பாலானது அதே பொட்டாசியத்த சிறுநீர் வழியா வெளிய அனுப்பிடும், ரெண்டு பக்கமும் குறையுது. குறைஞ்சா தசை பிடிக்கும், இதயம் தப்பு தப்பா துடிக்கும். ஒரு பொட்டாசியம் டெஸ்ட், ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. மூச்சுக்குழாய விரிக்கற தியோஃபிலின் மாத்திரையும் வாங்கி வெச்சிருந்தீங்கன்னா அதையும் டாக்டர்ட்ட சொல்லணும், அதுவும் படபடப்பு, பொட்டாசியம் ரெண்டையும் இன்னும் மோசமாக்கும், கூடவே சிப்ரோஃப்ளாக்ஸசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் போட்டா ரத்தத்துல தியோஃபிலின் அளவு ஏறிடும்.

இப்ராட்ரோப்பியம், டியோட்ரோப்பியம்னு இன்ஹேலர் மருந்துங்க இருக்கு, அது மூச்சுக்குழாய பீட்டா 2 இல்லாம வேற பாதைல விரிக்கும், அதனால சால்ப்யூட்டமாலோட சேர்த்து கொடுக்கறதுண்டு, ஆனா இப்ராட்ரோப்பியத்தையும் டியோட்ரோப்பியத்தையும் ஒண்ணா எடுத்தா வாய் வறண்டு, ஒண்ணுக்கு போக கஷ்டமாகலாம். நெபுலைசர்ல இப்ராட்ரோப்பியம் கொடுத்தா மாஸ்க் நல்லா ஒட்டி இருக்கணும், ஆவி கண்ணுல பட்டா கண் பிரஷர் ஏறலாம், உங்க அம்மா கேஸ்ல இது முக்கியம். பூஞ்சை இன்ஃபெக்ஷனுக்கு இட்ராகோனசோல் மாத்திரை யாராவது எழுதினா, ஃப்ளூடிகசோன் இன்ஹேலர் இருக்குன்னு முதல்லயே சொல்லிடணும், ஸ்டீராய்டு உடம்புல தங்கிப் போகும்.

எது முதல்ல எதுக்கப்புறம்னு கேட்டு வேற ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. தனித்தனியா இருந்தா சால்ப்யூட்டமால் முதல்ல, சில நிமிஷம் விட்டு ஸ்டீராய்டு, அது வழக்கம். ஒரே மருந்துல ரெண்டு பஃப்னா அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் விடுங்க, குலுக்கி எடுங்க, ஸ்டீராய்டுக்கு அப்புறம் கொப்பளிச்சு துப்புங்க, முழுங்காதீங்க.

கடைசில அந்த கண் சொட்டு. படிக்கும்போதே எனக்கு உறுத்துனது அதுதான். டிமலால் பீட்டா பிளாக்கர், இன்ஹேலர் திறக்கற கதவ அது அடைக்கும். கண்ணுல போடற ஒரு சொட்டு என்ன பண்ணும்னு நினைக்கறோம், ஆனா கண்ணோரத்துல இருக்கற கண்ணீர்க் குழாய் வழியா மூக்குக்கு இறங்கி நேரா ரத்தத்துல கலக்குது, கல்லீரல் அத குறைக்கற வாய்ப்பே இல்லாம. ஆஸ்துமா உள்ளவங்களுக்கு அது கொடுக்கக் கூடாத மருந்து. போன மாசம் வீசிங் ஜாஸ்தியாச்சுன்னு எழுதியிருந்தீங்கள்ல, சொட்டு எப்ப ஆரம்பிச்சாங்கன்னு அந்த தேதிய பாருங்க. அடுத்த சொட்டு போடறதுக்கு முன்னாடியே கண் டாக்டர்ட்ட பேசிடுங்க, லாட்டனோப்ரோஸ்ட் மாதிரி வேற வகை இருக்கு, பிரஷர் ஏறிடாம அவர் மாத்தி கொடுப்பார். இதுக்கு நடுவுல ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னாலோ, உதடு நீலமானாலோ, ரிலீவர் போட்டும் நாலு மணி நேரம் தாங்கலன்னாலோ, நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, எல்லா டப்பாவையும், அந்த சொட்டு மருந்தையும் சேர்த்து பைல போட்டுக்கோங்க.