மேசைக்கு எதிர்ப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தொழிலாளர் சட்டம் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். பிரிவு எண்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் வானொலியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவீர்கள். அதனால் ஒரு மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அலுவலகத்தில் இருந்த மேசை அது. நாலடி அகலம் இருந்தால் அதிகம். ஒரு நாள் அதன் ஒரு பக்கம் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் மேனேஜர். மறுபக்கம் அதே தொழிற்சாலையின் சங்கச் செயலாளரும் இன்னும் நாலு பேரும். ஷிஃப்ட் அலவன்ஸ், வேலைநீக்கம் செய்யப்பட்ட இரண்டு பேர் என்று பிரச்சினை ஓடியது. மேனேஜர் என் முகத்தைப் பார்த்து மட்டுமே பேசினார். "இது முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க சார்" என்பார். செயலாளர் பதில் சொன்னால் காதில் விழாத மாதிரி ஃபைலைப் புரட்டுவார். அதையே நான் திருப்பிச் சொன்ன பிறகு தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மற்றவர்கள் போனபிறகு மேனேஜரிடம் தனியாகக் கேட்டேன். "நேரா பேசிட்டா சங்கத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். வக்கீல் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அன்றைய சட்டப்படி அந்த வக்கீல் சொன்னது சரி. சங்கம் வைத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை இருந்தது. அந்தச் சங்கத்தோடு பேசவேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் நூற்றாண்டுக் கதையை இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்பது என் கணிப்பு.

கதை தொடங்கியது நம் ஊரில்தான். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்காம், கர்னாடிக் மில்களில் வேலை செய்தவர்களின் சங்கம். சாப்பிட அரை மணி நேரம்தான் விடுகிறார்கள் என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க.வும் கூடவே நின்றார். இரண்டே ஆண்டில் நிர்வாகம் மில்லைப் பூட்டிக் கதவடைப்பு செய்தது. மில்லை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டிவிட்டார்கள் என்று வாடியா முதலானவர்கள் மேல் வழக்கு. நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்தது. அன்றைய சட்டத்தில் சங்கத் தலைவருக்குப் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. கூடிப் பேசினால் சதி என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வழக்கு கிளப்பிய பரபரப்பில்தான் 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து முடிந்தது. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவான சங்கத்தின் மேல் சதி வழக்கோ, ஒப்பந்த மீறலுக்குத் தூண்டினாய் என்ற சிவில் வழக்கோ எடுபடாது. பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 'உன்னைச் சிறையில் போட மாட்டேன்' என்பதற்கும் 'உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன்' என்பதற்கும் ரொம்ப தூரம்.

அந்த தூரத்தைத் தாண்டவும் ஒருமுறை முயற்சி நடந்தது. பலருக்குத் தெரியாத கதை இது. 1947இல் இதே சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. குறிப்பிட்ட தகுதி உள்ள சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்றது அது. ஆனால் ஒரு சட்டம் நிறைவேறினால் மட்டும் போதாது. இந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வரவே இல்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டுத் தேதி போடாமல் விட்ட மாதிரி. பிறகு 1958இல், சங்க அங்கீகாரம் பற்றியும் பேசும் ஒழுங்கு நெறி என்று ஒன்று வந்தது. அது மனமுவந்து கடைப்பிடிக்க வேண்டியது, மீறினால் தண்டனை இல்லை. மகாராஷ்டிரம் 1971இல் தனக்கென்று அங்கீகாரச் சட்டம் போட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பது முறையற்ற செயல் என்று எழுதியிருந்தார்கள். சரி, அங்கீகாரம் கொடுப்பது யார்? முதலாளி. கொடுக்காவிட்டால்? பேச மறுத்த குற்றமும் இல்லை.

அப்படியானால் இத்தனை வருடம் எப்படித்தான் காலம் தள்ளினோம்? இங்கேதான் என் மேசை வருகிறது. சங்கத்துக்குத் தெரிந்த ஒரே வழி ஸ்டிரைக் நோட்டீஸ். நோட்டீஸ் வந்தால் சமரச அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிடுவார். அதிகாரி கூப்பிட்டால் நிர்வாகம் வந்தாக வேண்டும். நான் வாங்கிய நோட்டீஸ்களில் பெரும்பாலானவை வேலைநிறுத்தம் செய்வதற்காகக் கொடுத்தவை அல்ல. ஒரு நாற்காலி கேட்டுக் கொடுத்தவை. பத்திரிகைகள் 'போராட்ட அறிவிப்பு' என்று போடும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பேச்சு படிந்தால் என் முன்னிலையில் கையெழுத்தாகும். தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து அதற்கு '12(3) ஒப்பந்தம்' என்று பெயர். தொழிற்பேட்டைகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்த எண்ணைச் சொல்வார். அதிகாரி இல்லாமல் இரண்டு தரப்பும் தாங்களே போட்டுக்கொண்டால் '18(1)'. வித்தியாசம் பெரிது. 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 12(3) அந்தச் சங்கத்தில் இல்லாதவரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். அதனால் நிர்வாகத்துக்கும் 12(3) மேல் ஒரு ஆசை இருந்தது. வேண்டாத சங்கத்தை வெளியே நிறுத்திவிட்டு வேண்டிய சங்கத்தோடு 12(3) போட்டுவிட்டால், வெளியே நிற்கிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு இன்னும் உறுத்துகிறது.

இப்போது புதுச் சட்டம். அந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது என்று மத்திய அரசு அறிவித்தது. இந்தத் தடவை தேதி போட்டுவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் இருக்கும் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் ஆதரவு இருந்தால், அந்தச் சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். முதலாளி அதை ஏற்க வேண்டும். எந்தச் சங்கத்துக்கும் 51 தேறவில்லை என்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. அங்கீகாரம் மூன்று ஆண்டுக்கு, நீட்டித்தால் ஐந்து.

இது வரவேற்க வேண்டியதுதான். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் மையக் கோரிக்கை சங்க அங்கீகாரம்தான். சம்பளம்கூட அதற்கு அடுத்துத்தான். நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாமா என்ற தகராறில் பதிவே இழுத்தடித்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு எண் கிடைத்தது. 1918இல் பெரம்பூரில் கேட்ட அதே கேள்வி.

ஆனால் 'வருகைப் பதிவேடு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளி அந்தப் பதிவேட்டில் இல்லை. அவர் பெயர் காண்ட்ராக்டரின் ஏட்டில் இருக்கும். ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் கணக்கில் உண்டு, ஒருவர் இல்லை. சில ஆலைகளில் கணக்கில் இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1981இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அதன் பலனை நான் வேறு விதமாகப் பார்த்தேன். 460, 470 நாளில் 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஒரு மாதம் கழித்து வேறு காண்ட்ராக்டர் பெயரில் அதே ஆள் அதே மெஷினுக்கு வருவார். ஒருவர் தன் வேலை நாட்களைப் பாக்கெட் காலண்டரில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு வந்து காட்டினார். 471 புள்ளி. நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

புதுச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலையை நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் கொடுத்தாலே சமரசம் தொடங்கிவிடும் என்றால், சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்குக் காலண்டரில் இடம் எங்கே? பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். ஆலையை மூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய வரம்பும் 100 பேரிலிருந்து 300 பேராக ஏறிவிட்டது. ஒரு கையால் நாற்காலி கொடுத்து, இன்னொரு கையால் நாற்காலியின் காலை அறுப்பதாகச் சங்கத்துக்காரர்கள் பேசினால் அதை வெறும் புலம்பல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கேள்வி, அந்த 51ஐ எப்படி எண்ணுவது என்பது. சந்தா ரசீதைப் பார்த்து எண்ணலாம். ரகசிய ஓட்டு வைக்கலாம். நிர்வாகங்கள் பலவும் ரசீதுதான் கேட்கும். பெயர்ப் பட்டியல் கையில் கிடைக்கும் அல்லவா?

நான் ஒருமுறை ரசீது சரிபார்த்தேன். ஒரு தொழிலாளி சட்டைப் பையிலிருந்து மூன்று ரசீது எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் வேறு வேறு சங்கம்.

"என்னப்பா இது?" என்றேன்.

"மூணு பேரும் தெரிஞ்சவங்க சார். கேட்டாங்க, கொடுத்தேன்."

"ஓட்டுன்னு வெச்சா ஒருத்தருக்குத்தானே போட முடியும்? யாருக்குப் போடுவே?"

அவர் மூன்று ரசீதையும் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அதை உங்ககிட்ட எதுக்கு சார் சொல்லணும்?"

வணக்கம்.