இசைப்பெட்டிக்குள் இருந்த சீட்டு

நண்பர்களே, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி என்றதும் ‘ஐடா’, ‘ரிகோலெட்டோ’ என்று அவருடைய ஓபராக்களில், அதாவது இசைநாடகங்களில்தான் பேச்சு தொடங்கும். நான் ஒரு பழைய ஸ்பினெட்டிலிருந்து தொடங்குகிறேன். பியானோவுக்கு முந்தைய காலத்துச் சின்னக் கருவி அது.

ஜூசெப்பே வெர்டி 1813இல், வட இத்தாலியில் புஸ்ஸெட்டோ ஊருக்குப் பக்கத்தில் லெ ரொன்கோலே என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தினார். பையனுக்காக அவர் வாங்கிய ஸ்பினெட் பழுதாகிக் கிடந்தது. 1821இல் கவலெட்டி என்ற கைவினைஞர் வந்து, கம்பியை மீட்டும் கட்டைகளைப் புதிதாகப் போட்டு, தோல் வைத்துச் சரிசெய்தார். கூலி வாங்கவில்லை. சிறுவனுக்கு வாசிக்கக் கற்பதில் இருக்கும் ஆர்வமே தனக்குப் போதுமான கூலி என்று எழுதி, அந்தச் சீட்டைக் கருவிக்குள்ளேயே ஒட்டிவைத்தார். அப்போது பையனுக்கு ஏழெட்டு வயது!

அப்புறம் புஸ்ஸெட்டோ வியாபாரி அந்தோனியோ பரெஸ்ஸி கைகொடுத்தார். 1832இல் மிலான் இசைக்கல்லூரி சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, தனியாகப் பாடம் படிக்கப் பணம் கொடுத்ததும் அவர்தான். இன்று அதே கல்லூரிக்கு வெர்டியின் பெயர். பரெஸ்ஸியின் மகள் மார்கரீத்தாவை வெர்டி மணந்தார். 1838இல் மகள் போனாள், 1839இல் மகன் போனான், 1840 ஜூனில் மனைவியும் போய்விட்டார். அந்த ஆண்டு அவர் எழுதி முடிக்க வேண்டியிருந்ததோ ஒரு நகைச்சுவை ஓபரா. மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஒரே இரவோடு அது நின்றுபோனது. இனி எழுதுவதில்லை என்றே இருந்தவரை மீட்டது 1842இல் அரங்கேறிய ‘நபுக்கோ’ ஓபரா. பாபிலோனில் அடிமைப்பட்ட யூதர்கள் தாய்மண்ணை நினைத்துப் பாடும் அதன் சேர்ந்திசையைக் கேளுங்கள். பெரும்பகுதி எல்லாக் குரலும் ஒரே மெட்டில்தான் போகும். ஊரே ஒரு தொண்டையால் பாடுவது போலிருக்கும்.

புகழும் பணமும் வந்த கதை தெரிந்ததுதான். 79 வயதில் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஓபராவைத் தந்த மனிதர், கடைசிக் காலத்தில் கட்டியது ஒரு வீடு. முதுமையில் வறுமைப்பட்ட இசைக்கலைஞர்களுக்காக, மிலானில். தன் படைப்புகளிலேயே தனக்கு மிகப் பிடித்தது அதுதான் என்று கடிதத்தில் எழுதினார். அதை நடத்தத் தன் ஓபராக்களின் உரிமைத்தொகையை எழுதிவைத்தார். பிறர் நன்றி சொல்வதைக் கேட்க விரும்பாததால், தான் உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது என்றார்.

1901 ஜனவரி 27இல் இறந்தார். வீடு 1902 அக்டோபர் 10இல், அவர் பிறந்தநாளில் திறந்தது. அதற்குள்ளேதான் அவர் கல்லறை. பக்கத்தில், ‘நபுக்கோ’வில் அன்று பாடி, பின்னாளில் அவருக்கு மனைவியான ஜூசெப்பீனா. மாடியில் இன்றும் வயதான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் குடியிருக்கிறார்கள்.