கேமரா வித்தையா, நடிகரின் உடம்பா? 'உடம்பே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

இரண்டு ஆண்களின் காதல். அதில் ஒருவருக்கு டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், அதாவது ஒரே ஆளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் இருக்கும் மனநலப் பிரச்சினை. கையில் 40,000 ரூபாய். ஏற்காட்டில் எடுக்கப்போகும் இந்தக் குறும்படத்தை நம்ப வைப்பது, ஒரே நடிகரை ஃபிரேமின் இரண்டு பாதியிலும் தனித்தனியாக எடுத்து ஒட்டும் கேமரா வித்தையா, நடிகரின் உடம்பா? இதுதான் இன்றைய கேள்வி. உடம்புதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பெரிய அஸ்திரத்தையே எடுத்து வீசினார். "1940-லேயே நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யூ. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டிவிட்டது. ஊருக்கே கைவந்த கலையை விடலாமா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஐயா, அது இரட்டைப் பிள்ளைகள் கதை. இரண்டு பேர், இரண்டு உடம்பு. எதிரெதிரே நிற்கலாம், சண்டை போடலாம். நம் கதையில் இருப்பது ஒரே உடம்பு. அதற்குள் இருக்கும் அடையாளங்கள் மாறி மாறி முன்னே வருகின்றன. ஒன்று இருந்த நேரத்தில் நடந்தது இன்னொன்றுக்கு நினைவிலேயே இல்லாமல் போகலாம். அவரை இரண்டாக்கி ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால், நீங்கள் எடுத்தது இரட்டையர் படம்.

"செலவே இல்லாத வித்தை" என்றும் சொன்னார்கள். கணக்குப் பார்ப்போம். ட்ரைபாடை அசையாமல் பூட்ட வேண்டும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் வைக்க வேண்டும். போனில் எடுத்தால் ஆட்டோ ஒரு நொடியில் காரியத்தைக் கெடுத்துவிடும். நடிகர் எங்கே பார்த்துப் பேச வேண்டுமோ அங்கே அதே உயரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு பாதியும் ஒட்டும் கோடு கதவு நிலை, சுவர் மூலை மாதிரி ஆடாத இடத்தில் விழ வேண்டும். சில்வர் ஓக் இலைமேல் விழுந்தால் காற்றில் பாதி இலை காணாமல் போகும். நடிகர் கையை நீட்டிக் கோட்டைத் தாண்டினால் மணிக்கட்டே காணாமல் போகும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் சேர்வராயன் மலை விடாது. முதல் டேக்கில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே சேலம் பளிச்சென்று தெரியும். நடிகர் சட்டை மாற்றி வருவதற்குள் மூடுபனி எல்லாவற்றையும் மூடிவிடும். இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் பனி. எந்தக் கலர் கரெக்‌ஷன் வந்து காப்பாற்றும்? அரை நாள் வாடகை அதோடு போச்சு!

இன்னொரு நண்பர், அடையாளம் மாறுவதைக் காட்ட சிவப்பு விளக்கு, நீல விளக்கு, தலையை வெடுக்கென்று உதறுவது என்று அடுக்கினார். பெரும்பாலானவர்களுக்கு இந்த மாற்றம் வெளியே அவ்வளவு பளிச்சென்று தெரிவதே இல்லை. திருவிழா லைட்டு எதற்கு?

இவர்களின் வித்தையில் எனக்குப் பெரிய பயமே வேறு. ஃபிரேமை இரண்டாகப் பிளந்தவுடன் எழுதுபவருக்கு ஆசை வந்துவிடும்: இந்தப் பாதி ஆணைக் காதலிக்கிறது, அந்தப் பாதி பெண்ணைப் பார்க்கிறது என்று. பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? நோய் குணமானால் காதலும் குணமாகிவிடும் என்று! உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று வரும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2021-இல். பத்து நிமிடக் குறும்படம் நம்மை அதற்கும் பின்னால் தள்ளலாமா?

உடம்பு என்ன செய்யும் என்று கேட்டார்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் குவார்ட்டர்ஸ், அதில் அடுப்படி. ஒருவர் பில்டர் காபி கலக்கிறார், இன்னொருவர் சமையல் மேடையில் சாய்ந்து நிற்கிறார். "சர்க்கரை போதுமா?" "போதும்டா, போடாதே." சாய்ந்து நிற்பவர் கைக்கு டம்ளர் வருகிறது. வாய்வரை போன டம்ளர் நிற்கிறது. மூச்சு வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறுகிறது. பார்வை அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் கதவில் நிற்கிறது. டம்ளர் இடது கைக்கு மாறுகிறது. "கொஞ்சம் சர்க்கரை போடுங்க." அவ்வளவுதான்! 'டா' போய் 'ங்க' வந்துவிட்டது. தமிழ் ஆடியன்ஸுக்கு இதற்குமேல் கிராஃபிக்ஸ் வேண்டுமா? காதலர் அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொள்கிறார். ஏனென்றால் சற்றுமுன் சம்மதம் சொன்ன அடையாளம் இப்போது முன்னால் இல்லை. தன் பேரைச் சொல்கிறார், இது ஏற்காடு, இன்றைக்கு இன்ன கிழமை என்று நிதானமாகச் சொல்கிறார். இந்தக் காதல் காட்சியின் உயிரே விலகிய அந்தக் கையில்தான் இருக்கிறது.

இதை ஒரே ஷாட்டில் எடுக்கலாம். ஒத்திகைக்கு ஆகும் செலவு டீயும் பஸ் காசும். ஒவ்வொரு அடையாளத்துக்கும் மூச்சு, பார்வை, நடை வேகம், எந்தக் கை, காதலரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி நடிகர் கையில் கொடுங்கள். டியூப்லைட் எரிந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், இல்லாவிட்டால் படம் மினுங்கும். வெளிக்குளிரில் இருந்த லென்ஸை உடனே அடுப்படிக்குள் கொண்டுபோனால் கண்ணாடி வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். சாயங்காலம் சில்வண்டு கத்த ஆரம்பித்தால் மத்தியானம் எடுத்த வசனத்தோடு ஒட்டாது. அதனால் அந்த அறையின் வெறும் சத்தத்தை 30 நொடி தனியாகப் பதிவு செய்யுங்கள், எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

ஒரே ஒரு இடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். நினைவு விட்டுப்போவதை நடிகர் மட்டும் காட்டிவிட முடியாது. ஆவி பறக்கும் காபி. அடுத்த ஷாட்டில் ஆடை படிந்து ஆறிய காபி, ஜன்னலில் இருட்டு, நடுவில் எதுவும் இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த வெட்டு நடந்தது எடிட்டிங் மேசையில். கேமரா அணிக்கு அதில் மார்க் போட்டுவிடாதீர்கள்!